இரண்டு மாதப் பனியில் உருவாகும் வீரர்கள்: லடாக்கில் இளையோர் ஐஸ் ஹாக்கிப் பயிற்சி – ஒரு விளக்கம்

புது தில்லி: ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் 2025-ஆம் ஆண்டு நடைபெற்ற மகளிர் ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கிப் போட்டியில் இந்திய அணி வெண்கலப் பதக்கம் வென்றது. சர்வதேச அளவில் இந்திய மகளிர் அணி பெற்ற முதல் பதக்கம் இது. அணியில் இடம்பெற்றோரில் பெரும்பாலானவர்கள் லடாக்கையும் ஹிமாசலப் பிரதேசத்தையும் சேர்ந்தவர்கள். குளிர்காலத்தில் உறைந்து, வசந்தம் வருமுன் உருகிவிடும் இயற்கைப் பனித்தளங்களில் விளையாட்டைக் கற்றவர்கள்.

கனடா, அமெரிக்கா, ஃபின்லாந்து போன்ற நாடுகளில் சிறார்கள் கூரையுள்ள செயற்கைப் பனித்தளங்களில் நீண்ட பருவம் முழுவதும் பயிற்சி பெறுகின்றனர். லடாக்கில் ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களே பனி கிடைக்கிறது. எனவே, இந்தியாவில் இளையோருக்கான ஐஸ் ஹாக்கிப் பயிற்சி ஒரே கேள்வியைச் சுற்றியே அமைகிறது: கிடைக்கும் சொற்ப நேரத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் எவ்வளவு கற்றுத்தர முடியும்?

விளையாட்டின் அடிப்படைகள்

ஐஸ் ஹாக்கியில் கோல் கீப்பர் உட்பட ஓர் அணிக்கு ஆறு பேர் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பர். 60 நிமிட ஆட்டம் தலா 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடைபெறும். சர்வதேச விதிகளின்படி தளத்தின் நீளம் 60 மீட்டர். அகலம் 26 முதல் 30 மீட்டர் வரை.

பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு பயன்படுத்தப்படுகிறது. அதன் விட்டம் 7.62 சென்டிமீட்டர், கனம் 2.54 சென்டிமீட்டர், எடை 156 முதல் 170 கிராம் வரை. ஏறத்தாழ ஒரு கிரிக்கெட் பந்தின் எடைதான் எனினும், வழுக்கும் தளத்தில் அது மிக விரைவாகப் பாய்ந்து செல்லும்.

ஆட்டத்தின் வேகம் காரணமாக வீரர்கள் நீண்ட நேரம் தொடர்ந்து களத்தில் நிற்பதில்லை. ஒரு நிமிடத்திற்குள்ளாகவே வெளியேறி அடுத்தவருக்கு இடம் விடுவர். ஆட்டத்தை நிறுத்தாமலேயே இந்த மாற்றம் நடைபெறும்.

புல்தரை ஹாக்கியில் தேர்ந்த ஒருவர் நேரடியாக ஐஸ் ஹாக்கிக்கு மாற முடியாது. அங்கு ஓடத் தெரிந்தாலே ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம். இங்கோ மெல்லிய எஃகு பிளேடுகளின் மீது நின்று, நகர்ந்து, திரும்பி, நிற்கக் கற்ற பின்னரே மட்டைக்கு வேலை வருகிறது.

லடாக்கில் வேரூன்றிய வரலாறு

இந்தியாவில் பனிச்சறுக்குக் காலணி விளையாட்டுகளுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. சிம்லாவில் 1920 முதல் இயற்கைப் பனியில் ஸ்கேட்டிங் தளம் இயங்கி வருகிறது. எனினும் ஐஸ் ஹாக்கி மக்கள் விளையாட்டாக மாறியது லடாக்கில்தான்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே பகுதியில், 1970-களில் அங்கு பணியாற்றிய இராணுவத்தினர் மூலம் இவ்விளையாட்டு பரவியது. உறைந்த குளங்களே களங்களாயின. முறையான ஸ்கேட்டிங் காலணிகள் கிடைக்காத நிலையில், இராணுவக் காலணிகளின் அடியில் இரும்புத் தகடுகளைப் பொருத்தி ஆடியதாக மூத்த தலைமுறையினர் நினைவுகூர்கின்றனர். லே நகரின் கர்சூ குளம் பல ஆண்டுகள் இவ்விளையாட்டின் மையமாக விளங்கியது.

இந்தியா 1989-இல் சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில் உறுப்பு நாடாக இணைந்தது. ஆடவர் அணி 2009-இல் அபுதாபியில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பையில் முதன்முறையாகப் பங்கேற்றது. மகளிர் அணி 2016-இல் தைபேயில் தனது முதல் சர்வதேசப் போட்டியில் களமிறங்கியது. மறு ஆண்டே பாங்காக்கில் பிலிப்பின்ஸ் அணியை 4-3 என்ற கோல் கணக்கில் வென்று முதல் வெற்றியைப் பதிவு செய்தது. அந்தப் பயணத்திற்கான செலவின் ஒரு பகுதி பொதுமக்களிடம் இணையவழியில் திரட்டப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

பனித்தளம் உருவாவது எப்படி?

லடாக்கில் பாசனத்திற்காகத் தண்ணீர் தேக்கும் குளங்களும் சமன் செய்யப்பட்ட மைதானங்களும் குளிர்காலத்தில் பனித்தளங்களாக மாற்றப்படுகின்றன. வெப்பநிலை உறைநிலைக்குப் பல பாகை கீழே செல்லும் இரவுகளில் தண்ணீர் மெல்லிய படலமாகப் பாய்ச்சப்படும். அது உறைந்த பின் அடுத்த படலம் பாய்ச்சப்படும். ஒரே தடவையில் அதிக நீரை விட்டால் மேற்பரப்பு மட்டும் உறைந்து, உள்ளே நீரும் காற்றும் தங்கி, தளம் உடையக்கூடியதாகிவிடும்.

பகலில் மலைப்பகுதியின் கடும் வெயில் பட்டதும் மேற்பரப்பு இளகத் தொடங்கும். பிளேடுகள் அழுந்திப் பள்ளங்கள் விழும். பக் சீராக ஓடாது. ஆகையால் அதிகாலையும் மாலையுமே பயிற்சிக்கு உகந்த வேளைகள். ஆட்டம் முடிந்ததும் செதில்களைப் பெருக்கித் தள்ளி, இரவில் மீண்டும் நீர் பாய்ச்ச வேண்டும். இப்பணியில் உள்ளூர் இளைஞர்களும் வீரர்களுமே பெரும்பாலும் ஈடுபடுகின்றனர்.

பொதுவாக டிசம்பர் பிற்பகுதியில் தளம் ஆயத்தமாகும். பிப்ரவரி நடுப்பகுதிக்குள் பருவம் நிறைவடையும். குளிர் தாமதமாகத் தொடங்கும் ஆண்டுகளில் போட்டி அட்டவணையே தள்ளிப்போகிறது. இமயமலைப் பகுதி வெப்பமடைந்து வருவதால், ஏற்கெனவே குறுகிய இந்தப் பருவம் மேலும் சுருங்கும் என்ற கவலை வீரர்களிடையே உள்ளது.

நேரக் கணக்கு சொல்வது என்ன?

பயிற்சி நேரத்தின் அருமையை ஓர் எளிய கணக்கின் மூலம் புரிந்துகொள்ளலாம். எட்டு வாரங்கள் நீடிக்கும் பருவத்தில், வாரம் ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் தளம் கிடைப்பதாகக் கொண்டால் ஒரு குழந்தை ஆண்டுக்கு 40 மணி நேரம் பனியில் இருக்கும். செயற்கைத் தளம் உள்ள நகரில் வாரம் மூன்று மணி நேரம் வீதம் 40 வாரங்கள் பயிலும் குழந்தைக்கு 120 மணி நேரம் கிடைக்கும். ஐந்து ஆண்டுகளில் இந்த வேறுபாடு 400 மணி நேரமாக வளர்ந்துவிடுகிறது.

கிடைக்கும் மணி நேரமும் முழுமையாகப் பயன்படுவதில்லை. முழுத் தளத்தில் இரு அணிகளாகப் பிரித்து ஆடவிட்டால், கோல் கீப்பர்களையும் சேர்த்து 12 பேர் மட்டுமே களத்தில் இருப்பர். ஓர் அணியில் கோல் கீப்பர் நீங்கலாக 15 பேர் இருந்து முறை வைத்து ஆடினால், 60 நிமிடங்களில் ஒருவருக்குக் கிடைப்பது 20 நிமிடங்கள். அந்த 20 நிமிடங்களிலும் பக் பெரும்பாலும் வலிமையும் வேகமும் மிக்க ஓரிருவரிடமே இருக்கும். புதிதாகச் சேர்ந்த குழந்தை அதைத் துரத்திச் செல்வதோடு நின்றுவிடும்.

சிறிய களம், பல பயிற்சி நிலையங்கள்

இந்தச் சிக்கலுக்கு ஐஸ் ஹாக்கியில் முன்னணியில் உள்ள நாடுகள் கண்ட தீர்வு, களத்தைச் சுருக்குவது. அமெரிக்க ஐஸ் ஹாக்கி அமைப்பு 2009-இல் அறிமுகப்படுத்திய வளர்ச்சித் திட்டத்தின்படி, எட்டு வயதுக்குட்பட்டோர் முழு நீளத் தளத்தில் ஆடுவதில்லை. தளம் குறுக்குவாட்டில் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் சிறிய கோல் கம்பங்களுடன் தனித்தனி ஆட்டம் நடைபெறும். கனடாவிலும் மிக இளைய பிரிவினருக்கு இதே முறை பின்பற்றப்படுகிறது.

களம் சிறியதாக இருப்பதால் ஒவ்வொரு குழந்தையும் பக்கைத் தொடும் வாய்ப்பும், திசை மாறித் திரும்ப வேண்டிய தேவையும், கோல் முயற்சிகளும் பலமடங்கு கூடுகின்றன. நீண்ட தூரம் தனியாக ஓடி கோல் அடிக்க இடமில்லாததால், சக வீரருக்கு அனுப்பியே ஆக வேண்டிய கட்டாயமும் உருவாகிறது.

திறன் பயிற்சிக்கும் இதே கொள்கை பொருந்தும். தளத்தை ஆறு நிலையங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆறு குழந்தைகளை நிறுத்தினால் 36 பேர் ஒரே நேரத்தில் பயிற்சி பெறலாம். எட்டு அல்லது பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை குழுக்கள் அடுத்த நிலையத்திற்கு நகரும். விளக்கவுரையைப் பனியில் ஏறுமுன்பே முடித்துவிட வேண்டும் என்பது இம்முறையின் எழுதப்படாத விதி. வரிசையில் காத்து நிற்கும் குழந்தை எதையும் கற்பதில்லை. உறைநிலைக்குக் கீழான குளிரில் அதற்கு விறைப்புதான் மிஞ்சும்.

பனித்தளங்கள் குறைவாகவும் குழந்தைகள் மிகுதியாகவும் உள்ள லடாக்கிற்கு இம்முறை மிகவும் ஏற்றது. விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. கூம்புகள், பழைய டயர்கள், மரக்கட்டைகள் ஆகியவற்றைக் கொண்டே களத்தைப் பிரிக்கலாம். ஆனால் ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு பயிற்றுநர் தேவை என்பதே இதன் கடினமான பகுதி.

எந்தத் திறன், எந்த வரிசையில்?

தொடக்க நிலையில் முதலில் கற்பிக்கப்படுவது விழுவதும் எழுவதும். முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் விழுந்து, ஒரு முழங்காலை ஊன்றி, பிளேடைத் தளத்தில் பதித்து எழக் கற்ற குழந்தைக்கு அச்சம் குறைகிறது. அடுத்து, முழங்கால் மடங்கி, முதுகு நேராகி, தலை நிமிர்ந்த அடிப்படை நிலை. பெரும்பாலான தொடக்கநிலைப் பிழைகள் முழங்காலை நீட்டி விறைப்பாக நிற்பதிலிருந்தே பிறக்கின்றன.

அதன் பின் தள்ளிச் சறுக்குதல், ஒற்றைக் காலில் சறுக்குதல், இரு பாதங்களையும் உள்நோக்கித் திருப்பி நிற்றல், பக்கவாட்டில் திரும்பிச் சட்டென நிற்றல், ஒரு காலை மற்றொன்றின் மேல் கடத்தி வளைவில் செல்லுதல், பின்னோக்கிச் சறுக்குதல் ஆகியவை படிப்படியாகக் கற்றுத்தரப்படும். ஒவ்வொரு பிளேடுக்கும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு விளிம்புகள் உண்டு. இவ்விரண்டின் மீதும் உடல் எடையைக் கட்டுப்பாட்டுடன் மாற்றத் தெரிவதே நல்ல ஸ்கேட்டிங்கின் உயிர்நாடி.

மட்டைப் பயிற்சியில், குனிந்து பக்கையே பார்க்கும் பழக்கத்தை மாற்றுவது முதன்மையானது. தலை தாழ்ந்த நிலையில் சறுக்குபவர் எதிரே வருபவரைக் காண மாட்டார். இது ஆட்டத்திற்கும் பாதுகாப்பிற்கும் கேடு. பக்கைக் கையாளுதல், அனுப்புதல், பெறுதல் ஆகியவற்றிற்குப் பின்னரே விசையுடன் அடித்தல் கற்பிக்கப்படுகிறது. மிக இளம் வயதில் ஒருவரையே நிரந்தரக் கோல் கீப்பராக்காமல் அனைவரையும் முறை வைத்து நிற்கச் செய்வதும் பரிந்துரைக்கப்படுகிறது.

பனி இல்லாத பத்து மாதங்கள்

இந்திய இளம் வீரர்களின் முன்னேற்றத்தைப் பெரிதும் தீர்மானிப்பது பனி இல்லாத காலத்தில் அவர்கள் செய்யும் பயிற்சியே. சக்கரக் காலணிகளுடன் ஆடும் இன்லைன் ஹாக்கி இதில் முக்கியமானது. களப் பார்வை, பக் கையாளுதல், இடம் பிடித்தல் ஆகியவற்றை அது வளர்க்கிறது. ஆனால் பனியில் பக்கவாட்டில் உரசி நிற்கும் முறையைச் சக்கரங்களில் அப்படியே செய்ய இயலாது. எனவே பருவத்தின் முதல் நாட்கள் விளிம்புகளின் உணர்வை மீட்டெடுப்பதிலேயே கழிகின்றன.

வழவழப்பான பலகையில் பக்கை அடித்துப் பழகுதல், சிறு பந்தைக் கொண்டு மட்டைப் பயிற்சி, ஒற்றைக் காலில் சமநிலை, பக்கவாட்டுத் தாவல், இடுப்பு மற்றும் தொடைத் தசைகளுக்கான உடற்பயிற்சிகள் ஆகியவற்றைச் சமதரையில் செய்யலாம். கால்பந்து போன்ற பிற விளையாட்டுகளில் சிறார்களை ஈடுபடுத்துவதும் பயன் தரும் என்பது இளையோர் பயிற்சித் திட்டங்களின் பொதுவான நிலைப்பாடு.

சமவெளி நகரங்களிலிருந்து வருவோருக்கு மற்றொரு தடையும் உண்டு. லே நகரின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. விமானத்தில் வந்திறங்கிய உடன் கடும் பயிற்சியில் ஈடுபடுவது ஆபத்தானது. முதல் சில நாட்களை ஓய்வுக்கும் உடலைப் பழக்கப்படுத்துவதற்கும் ஒதுக்க வேண்டும்.

பாதுகாப்பு: விட்டுக்கொடுக்க முடியாதவை

முகக்கூண்டுடன் கூடிய தலைக்கவசம், கழுத்துக் காப்பு, பல் காப்பு, தோள், முழங்கை, முழங்கால் காப்புகள், கையுறை, இடுப்புப் பகுதிக்கான தடித்த காற்சட்டை ஆகியவை இளம் வீரர்களின் அடிப்படை உடைமைகள். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் நடந்த ஆட்டத்தில் பிளேடு கழுத்தில் பட்டு அமெரிக்க வீரர் ஆடம் ஜான்சன் உயிரிழந்தார். அதன் பின்னர் கழுத்துக் காப்பு குறித்த விதிகள் பல நாடுகளில் கடுமையாக்கப்பட்டன.

"அடுத்த ஆண்டுக்கும் ஆகும்" என்று பெரிய அளவுக் காலணி வாங்கித் தருவது பெற்றோர் பலரும் செய்வது. ஸ்கேட்டிங் காலணியில் கணுக்கால் தளர்ந்தால் விளிம்பின் மீது நிற்கவே முடியாது. மட்டையும் அப்படியே, காலணி அணிந்து நிற்கும்போது ஏறத்தாழ முகவாய் வரை எட்டுவது பொருத்தமான உயரம்.

உடலால் மோதித் தடுக்கும் ஆட்டமுறையை எந்த வயதில் அனுமதிப்பது என்பது உலகளவில் விவாதிக்கப்பட்ட பொருள். அம்முறை அனுமதிக்கப்பட்ட ஆல்பர்ட்டா மாகாணச் சிறார்களுக்கு, அது தடை செய்யப்பட்ட கியூபெக் சிறார்களைவிட மூளை அதிர்வுக் காயம் ஏற்படும் வாய்ப்பு மும்மடங்குக்கும் அதிகம் எனக் கனடாவில் 11, 12 வயதினரிடம் மேற்கொள்ளப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. அதன் பின் அமெரிக்கா 2011-இலும், கனடா 2013-இலும் அந்த வயதுப் பிரிவில் மோதித் தடுத்தலை நீக்கின. தலையில் அடிபட்ட குழந்தையை அன்றைய ஆட்டத்திலிருந்து உடனே விலக்கி, மருத்துவர் அனுமதித்த பின்னரே மீண்டும் சேர்க்க வேண்டும்.

இயற்கைத் தளங்களில் பனியின் தடிமனும் கவனிக்கத்தக்கது. நீர்நிலையின் மேல் ஒருவர் நடக்கவே குறைந்தது 10 சென்டிமீட்டர் உறுதியான பனி தேவை என்பது பொதுவான அளவுகோல். குழுவாக ஆட அதைவிடத் தடிமனான பனி வேண்டும்.

சிறுமிகளுக்குக் கிடைத்த இடம்

தொடக்க காலத்தில் ஆண்கள் ஆடி முடித்த பின்னரே தங்களுக்குத் தளம் கிடைத்ததாகவும், காலணிகளையும் காப்புகளையும் இரவல் வாங்கி ஆடியதாகவும் மூத்த வீராங்கனைகள் பலமுறை கூறியுள்ளனர். பனி உருகும் பகல் வேளையே மிச்சமாகும்போது, கற்கும் வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

லே அருகே ஃபே கிராமத்தில் உள்ள செக்மோல் கல்வி நிறுவனம் தனது வளாகத்திலேயே பனித்தளம் அமைத்துப் பெண்களின் ஆட்டத்தை ஊக்குவித்தது. லடாக் மகளிர் ஐஸ் ஹாக்கி அறக்கட்டளை வீராங்கனைகளின் முன்முயற்சியில் செயல்பட்டு வருகிறது. ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற கனடா வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசர், முன்னாள் வீரர் ஆண்ட்ரூ ஃபெரன்ஸ் ஆகியோர் 2018 ஜனவரியில் லடாக் வந்து பயிற்சி அளித்தனர். அதே ஆண்டு நவம்பரில் இந்திய மகளிர் அணி கனடாவின் கால்கரி நகரில் விக்கன்ஹைசர் நடத்தும் விழாவில் பங்கேற்றது.

ஹிமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கிலும் சிறுமிகளிடையே ஆட்டம் பரவியுள்ளது. அங்குள்ள காஜாவில் 2022 ஜனவரியில் தேசிய மகளிர் சாம்பியன்ஷிப் போட்டி நடைபெற்றது.

பயிற்றுநர்களும் தளங்களும்: அடுத்த கட்டம்

அமெரிக்காவைச் சேர்ந்த ஹாக்கி ஃபவுண்டேஷன் போன்ற தொண்டு அமைப்புகள் பல ஆண்டுகளாக லடாக்கில் உபகரணங்களையும் பயிற்சியையும் வழங்கி வந்துள்ளன. வெளிநாட்டுப் பயிற்றுநர்கள் பொதுவாகச் சில வாரங்களே தங்குகின்றனர். அவர்கள் சென்ற பின்னும் தொடர்ந்து கற்பிக்க, குழந்தைகளின் மொழியைப் பேசும் உள்ளூர்ப் பயிற்றுநர்கள் கிராமந்தோறும் தேவை. மூத்த வீரர், வீராங்கனைகளைப் பயிற்றுநர்களாக்குவதே இதற்கான நேரடி வழி.

இராணுவமும் இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படையும் ஐஸ் ஹாக்கி அணிகளைப் பராமரிப்பதால், சிறந்த வீரர்களுக்கு வேலைவாய்ப்பும் தொடர் பயிற்சியும் கிடைக்கின்றன. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளில் ஐஸ் ஹாக்கி லே நகரில் நடத்தப்படுகிறது. ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் ஆதரவுடன் 2024 ஜனவரியில் லே நகரில் லீக் போட்டியும் தொடங்கியது.

ஆண்டு முழுவதும் பயிற்சி பெறுவதற்கான தளமே இன்றைய பெருந்தேவை. குருகிராமில் வணிக வளாகம் ஒன்றில் அமைந்த சிறிய தளத்தில் தேசிய அணியினர் பயிற்சி மேற்கொண்டதுண்டு. 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் கட்டப்பட்ட உள்ளரங்கப் பனித்தளம், பராமரிப்புச் செலவு காரணமாகப் பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. புதுப்பிக்கப்பட்ட அத்தளத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய அளவிலான வேக ஸ்கேட்டிங் போட்டி நடத்தப்பட்டது. ஒரு தளத்தைக் கட்டுவதைவிட அதை நாள்தோறும் குளிர்வித்து இயக்குவதே கடினம் என்பதை டேராடூன் அனுபவம் காட்டுகிறது. லடாக் குழந்தைகள் அங்கு சென்று தங்கிப் பயில்வதற்கான பயணம், விடுதி, பள்ளிப் படிப்பு ஆகிய ஏற்பாடுகளும் சேர்ந்தால்தான் அத்தளம் அவர்களுக்கு உண்மையில் பயன்படும்.

முக்கிய ஆண்டுகள்

1920 – சிம்லாவில் இயற்கைப் பனி ஸ்கேட்டிங் தளம்.
1970-கள் – லடாக்கில் ஐஸ் ஹாக்கி பரவத் தொடங்கியது.
1989 – சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில் இந்தியா உறுப்பினரானது.
2009 – ஆடவர் அணியின் முதல் ஆசிய சேலஞ்ச் கோப்பை.
2011 – டேராடூன் உள்ளரங்கப் பனித்தளம்.
2016 – மகளிர் அணியின் முதல் சர்வதேசப் போட்டி.
2017 – மகளிர் அணியின் முதல் சர்வதேச வெற்றி.
2025 – மகளிர் ஆசியக் கோப்பையில் வெண்கலப் பதக்கம்.